அக்கா பிதற்றிய ஊர்

கல்யாணமான இரண்டாம் வருஷமே அக்கா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவள் கணவரைப் பாவா என்றுதான் நான் கூப்பிடுவேன். சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவர். அவளை நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று அம்மா அவரோடு பேசுவதையே விட்டிருந்தாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. திருத்தணி மார்க்கெட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த வேர்க்கடலைக் கிடங்கை அவர் வாடகைக்கு எடுத்தார். உள்ளே நாடக செட் போடுகிறார் என்றார்கள். புத்தி பிசகிவிட்டது என்றும் சொன்னார்கள். எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று அவர் கிடங்கைத் திறந்தபோது, அம்மாவை வற்புறுத்தி, வீட்டுக்கு வீடு தறி ஓடும் எங்கள் அம்மையார்குப்பத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

தரை முழுக்கச் செம்மண். கோணிப்பைகளை அடுக்கி மண் பூசிய குன்றுகள். நடுவில் தகரத்தை வெட்டிப் பரப்பிய ஏரி. உத்தரத்திலிருந்து வெள்ளை நூல் மழையாகத் தொங்கியது. காற்றே இல்லாத மதியம். ஆனாலும் ஓரிடத்தில் மட்டும் நூல்கள் விலகி, மறுபடி சேர்ந்தன. யாரோ நடந்துபோனது போலிருந்தது.

காய்ச்சலில் அக்கா பிதற்றிய ஊர் இது என்றார் பாவா. குணமானதும் அங்கே போய்விடலாம் என்பாளாம்.

அம்மா ஏரிக்கரையில் நின்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு, அக்கா போனதற்கப்புறம் முதல்முறையாக அவரிடம் பேசினாள்.

“இங்க ஒரு ஊடு இருக்கணுமே.”

“ஊட்டப் பத்தி எங்கிட்ட சொல்லலீங்க, அத்தை.”

“எங்கிட்ட சொல்லிக்கினே இருந்தா. ஏரியப் பாத்த வாசல். உள்ள தறி கெடையாது.”

அன்றிலிருந்து அம்மா தினமும் போனாள். அவள் சொல்லச் சொல்ல அவர் மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பினார். கதவு பொருத்தப்போனபோது மட்டும் தடுத்தாள்.

“வேணாம் மாப்ள. அவ எப்ப வேணா வருவா.”

அந்த வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார என்னால் முடியவில்லை. பார்க்க வந்தவர்கள் அங்கே வந்ததும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். உள்ளே இருக்கிற பெண் யார் என்று ஒரு பூக்காரம்மா என்னிடம் கேட்டாள். யாருமில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

அறுவடை வந்ததும் கிடங்குக்காரர் இடத்தைக் கேட்டார். பாவாவே எல்லாவற்றையும் கலைத்தார். மண்ணை மாட்டுவண்டியில் அள்ளிப் போனார்கள். அம்மா அழவில்லை.

அடுத்த வருஷம் அவருக்கு வேறு பெண் பார்த்ததும் அம்மாதான். பொதட்டூர்பேட்டைக்கு அவளே போய்ப் பேசி முடித்தாள். அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. கதவில்லாத அந்த வீடும் போன பிறகு அக்காவை இனி எங்கே கொண்டுபோய் விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.