அப்பாவின் பெயரில் ஒரு எக்ஸ்ரே

எங்கள் வீட்டுச் சுவரில், ஆணியில் மாட்டிய மஞ்சள் பைக்குள், என் அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று பல வருடம் கிடந்தது. படத்தின் மூலையில் அப்பாவின் பெயர், வயது, பாஸ் எண் எல்லாம் சரியாக இருந்தன. நெஞ்சு மட்டும் அப்பாவுடையது அல்ல.

நான் அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், பேக்கிங் பிரிவில், அப்பா காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தார். இயந்திரத்தின் வாயில் வெறும் சாக்கைப் பொருத்த வேண்டும். நிரம்பி வரும் மூட்டையை லாரிக்குள் அடுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவம், காதுமடல், கழுத்து எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். அவர் முகம் கழுவிய தண்ணீரை அம்மா கத்தரிச் செடிக்குப் போகவிட மாட்டாள். மண் இறுகிப் போகுமாம்.

காண்ட்ராக்ட் தொழிலாளிகளுக்கு வருடத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை உண்டு. கேட்பதற்கு நல்ல காரியம்தான். ஆலை வாசலில் எக்ஸ்ரே வேன் வந்து நிற்கும். மேலே ஒரு பேனர் கட்டுவார்கள். அதில் ஒரு குடும்பமே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்தப் பரிசோதனையால் எங்கள் தெருவில் ஒருவருக்காவது வைத்தியம் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. படத்தில் சின்ன நிழல் தெரிந்தால் ஆலைக்குள் விடும் கேட் பாஸை நிறுத்திவிடுவார்கள். பாஸ் இல்லாதவர் தொழிலாளி இல்லை. தொழிலாளி இல்லாதவருக்கு வைத்தியம் பார்க்கும் கடமை ஆலைக்கும் இல்லை, காண்ட்ராக்ட்காரருக்கும் இல்லை. நோய் உள்ளவரைக் கண்டுபிடித்து வெளியே அனுப்புவதற்குப் பெயர் சுகாதாரம்.

ஆகவே இருமல் உள்ளவர்கள் அன்றைக்கு இருமல் இல்லாத ஓர் ஆளை அனுப்பினார்கள். அண்ணனுக்குத் தம்பி, மாமனுக்கு மச்சான். ஹெல்மெட் போட்டுக்கொண்டால், பாஸில் இருக்கும் தபால்தலை அளவுப் படத்துக்கு யார் முகமும் பொருந்தும். சூப்பர்வைசருக்கும் இது தெரியும். அவருக்கு வேண்டியது பட்டியலில் இருக்கும் பெயர்களுக்கு நேராக டிக் விழுவது.

அப்பாவுக்கு இரண்டு வருடமாக இருமல். விடிகாலையில் பாத்ரூம் பக்கம் நின்று இருமுவார். நான் படுத்தபடியே எண்ணுவேன். அந்த வருடம் அவரை அனுப்ப முடியாது என்று அம்மா முடிவு செய்தாள். அனுப்ப ஆள் தயாராக இருந்தது. அப்பாவின் ஒரே தம்பியான சித்தப்பா.

சித்தப்பா அடுத்த வீட்டில் தனியாக இருந்தார். சாப்பாடு எங்களோடு. டிராக்டரில் மக்காச்சோளம் அடிக்கும் மெஷினை மாட்டிக்கொண்டு பெரம்பலூர் சுற்றுவட்டாரம் முழுக்கப் போய்வருவார். கபடியில் மூச்சை விடாமல் பாடிக்கொண்டு எதிர் அணியில் நான்கு பேரைத் தொட்டுவிட்டு வருகிறவர். பாடாலூரில் அவருக்குப் பெண் நிச்சயமாகி, வைகாசியில் சிறுவாச்சூர்க் கோவிலில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

“தம்பி நெஞ்சப் படம் எடுத்தா ஃபிரேம் போட்டு மாட்டலாம்” என்றாள் அம்மா.

நிச்சயத்துக்குப் பிறகு சித்தப்பா இளைத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. மாலையானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கிறது என்பார். இதற்கெல்லாம் எங்கள் வீட்டில் ஒரே விளக்கம்தான் இருந்தது. “மாப்ளைக்குப் பாடாலூர் நெனப்புல சோறு எறங்கல” என்று அம்மா கிண்டல் செய்வாள். சித்தப்பா வெட்கப்பட்டு இன்னும் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவார்.

பரிசோதனை நாளன்று என்னையும் அனுப்பினார்கள். யோசனை அம்மாவுடையது. கூடப் பிள்ளை நின்றால் சந்தேகம் வராதாம்.

“இன்னைக்கு ஒரு பொழுதுக்கு மட்டும் சித்தப்பாவ அப்பான்னு கூப்புடு. வாய் தவறிச் சித்தப்பான்னுட்டே, அப்பறம் அப்பாவுக்கு வேலயே கெடயாது, பாத்துக்க.”

எனக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. பொய் சொல்லக் கூடாது என்று நோட்டில் நூறு முறை எழுத வைத்தவள் இதே அம்மாதான். வழியெல்லாம் நான் சித்தப்பாவோடு பேசவில்லை. ரோஸ் மில்க் வாங்கித் தருகிறேன் என்றார். அதற்குப் பிறகு கொஞ்சம் பேசினேன்.

வேன் வாசலில் வரிசை நீளமாக நின்றது. அப்பாவின் பெயரைக் கூப்பிட்டதும் சித்தப்பா, “இருக்கேன் சார்” என்று முன்னால் போனார். பட்டியல் வைத்திருந்தவர் பாஸைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“பாப்பா, இது யாரு?”

“அப்பா” என்றேன். குரல் சரியாகவே வந்தது. அவர் டிக் போட்டுவிட்டார். வேனுக்குள்ளிருந்து, “மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க” என்று சத்தம் கேட்டது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சித்தப்பாவுக்கா சொல்லித்தர வேண்டும்?

ஒன்பதாம் நாள் சூப்பர்வைசர் அப்பாவைக் கூப்பிட்டு, ஒரு கடிதத்தையும் அந்தப் படத்தையும் கையில் கொடுத்தார். வலது நுரையீரலில் நிழல் இருக்கிறது, காசநோயாக இருக்கலாம், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளவும், அதுவரை பாஸ் நிறுத்தி வைக்கப்படுகிறது.

அப்பா வீட்டுக்கு வந்து கடிதத்தைப் படித்துக் காட்டியபோது சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவைப் பார்த்து, “ஐயோ, ஒங்களுக்கா?” என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள். மூன்று பேரும் சித்தப்பாவின் பக்கம் திரும்பினோம். அவர் கை தட்டிலேயே நின்றது.

“மிஷின் கோளாறா இருக்கும்ணே” என்றார்.

மறுநாள் அண்ணன் தம்பி இருவரும் பெரம்பலூர் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். இருவருக்கும் படம் எடுத்து, சளியும் பார்த்தார்கள். சித்தப்பாவுக்குக் காசநோய். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும், இரண்டு மாதம் கனத்த வேலை கூடாது. அப்பாவுக்குக் காசம் இல்லை. தூசியால் வரும் இருமல், தூசியில் நிற்காதீர்கள் என்றாராம் டாக்டர்.

அம்மா அன்றைக்குப் பாதி அழுதாள், பாதி சாமி கும்பிட்டாள். நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அப்பாவுக்குத்தான் ஒன்றும் இல்லையே, நாளைக்கே வேலைக்குப் போகலாம் அல்லவா?

அப்பாவும் அப்படித்தான் நினைத்துப் போனார். காசம் இல்லை என்ற சீட்டை நீட்டினார். சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டு மிகவும் நிதானமாகப் பேசினாராம். அப்பா வந்து அம்மாவிடம் அதைச் சொல்லும்போது குரலைக்கூட அவர் மாதிரியே வைத்துக்கொண்டார். “இங்க பாருப்பா. அந்தப் படம் ஒன்னோடதுன்னா நீ நோயாளி. ஒன்னோடது இல்லன்னா நீ மோசடி. எதுன்னு நீயே சொல்லு, அதயே எழுதிக்கிறேன்.” எத்தனையோ வருடமாக ஆள் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே டிக் போட விட்டவர் கேட்ட கேள்வி இது.

அப்பா நோயாளி என்றே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். அதில் தம்பியின் கல்யாணமும் சேர்ந்திருந்தது. காசம் என்ற சொல் மாப்பிள்ளையின் பெயரோடு பாடாலூர் வரை போய்விட்டால் திரும்பி வராது என்று பயந்தார். “ஆறு மாசந்தான. எனக்குன்னே இருக்கட்டும்” என்றார்.

அப்படித்தான் ஆனது. ஆஸ்பத்திரியில் சித்தப்பா எங்கள் வீட்டு விலாசத்தையே கொடுத்திருந்தார்; சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா ஸ்கூட்டியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். மாத்திரை அட்டைகள் எங்கள் அலமாரியில் இருந்தன. சித்தப்பா தினமும் காலையில் எங்கள் வீட்டுக்குள் வந்து விழுங்கிவிட்டுப் போவார். பார்த்தவர்கள் எல்லாரும் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டார்கள். டீக்கடையில் மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், அப்பாவுக்கு மட்டும் பேப்பர் கப். குடித்து முடித்ததும் கடைக்காரர் குப்பைக் கூடையைக் காலால் அவர் பக்கம் தள்ளுவார். அப்பா, “சூடா இருக்குப்பா, நல்லாருக்கு” என்று சொல்லிக் கப்பைப் போடுவார். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், அவள் அம்மா சொன்னாளென்று, பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது வரிசைக்குப் போனாள். எனக்கு ஊர் முழுவதையும் கடிக்க வேண்டும் போல இருந்தது. கிளாஸைத் தொடக் கூடாத ஆள் வீட்டில் படுத்திருக்கிறார். எந்த நோயும் இல்லாத ஆள் பேப்பர் கப்பில் குடிக்கிறார். இதை யாரிடமும் சொல்லக் கூடாதாம்.

சோளம் அறுப்பு ஆரம்பமாகி விட்டது. மெஷினை நிறுத்தி வைக்க முடியாது. அப்பா, தம்பியின் மெஷினை எடுத்துக்கொண்டு போனார். சோளம் அடிக்கும் இடத்தில் சக்கை பறந்து பத்தடி தள்ளி நிற்பவர் தெரியாது. அப்பா துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்பார். வரும்போது இப்போது சாம்பல் நிறத்துக்குப் பதில் மஞ்சள் நிறம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர் இதையும் பார்த்தது. நெஞ்சு நோய் உள்ள அண்ணன் மூட்டை தூக்குகிறான். கபடி ஆடுகிற தம்பி மத்தியானம் வரை தூங்குகிறான். “கல்யாணத்துக்கு மொதல்லயே மாமியார் வூட்டு மாப்ளையாட்டம் உருண்டு கெடக்கான் பாரு” என்று எதிர்வீட்டு அக்கா சித்தப்பா காதில் விழும்படியே சொல்லுவாள். சித்தப்பா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். உண்மை தெரியாமலேயே ஊர் எங்கள் அப்பா பக்கம் பேசுகிறது என்று நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா பாடாலூரிலிருந்து வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு சீப்புப் பழம். அப்பாவுக்குக் காசம் என்பது அவருக்கு எட்டியிருந்தது. அதை விசாரிக்கத்தான் வருகிறார் என்று அம்மா உள்ளே கையைப் பிசைந்தாள். அவர் அதைத் தொடவே இல்லை. அம்மா கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

“மாப்ள, நோவு யாருக்கு வேணா வரும், போகும். அதப் பத்தி நான் கேக்க வரல. நோவுல கெடக்குற அண்ணன வேலைக்கு அனுப்பிட்டுத் தூங்குறவனுக்கு என் பொண்ணக் குடுத்தா, நாளைக்கு அவளுக்குக் காய்ச்ச வந்தாலும் அவளத்தான வேலைக்கு அனுப்புவான்? வேணாம் மாப்ள. நல்லபடியாவே விலகிக்குவோம்.”

சித்தப்பா எங்கள் உள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றார். கதவிடுக்கில் அவர் விரல்கள் தெரிந்தன. அப்பா, “அப்படியில்ல மாமா, அவன் அப்படிப்பட்ட பய இல்ல” என்பதையே மாற்றி மாற்றிச் சொன்னார். எதைச் சொன்னாலும் ஒரு பக்கம் உடையும்.

நான் சொன்னேன். “நோவு எங்கப்பாவுக்கு இல்ல. சித்தப்பாவுக்குத்தான். அந்தப் படத்துல இருக்குறது சித்தப்பா.”

அப்பா என் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததே இல்லை. பொய் சொன்ன நாளில் ரோஸ் மில்க், உண்மை சொன்ன நாளில் அறை. அந்த வயதில் அதைவிடப் பெரிய அநியாயம் எனக்குத் தெரியாது. அழாமல் முறைத்துக்கொண்டு நின்றேன்.

“புள்ளைய ஏன் அடிக்கிற?” என்று பெண்ணின் அப்பா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கதவைப் பார்த்து, “வெளிய வாப்பா” என்றார். சித்தப்பா வந்து நின்றார். எத்தனை மாதம் ஆச்சு, மாத்திரையை விட்டாயா, சளியைத் திரும்பப் பார்த்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடப் பையனைப் போலப் பதில் சொன்னார். கடைசியில் அவர், “சோம்பேறின்னா என்கிட்ட மருந்து இல்ல. இதுக்கு மருந்து இருக்கு” என்றார். “ஆனா பொண்ணுகிட்ட நான் மறைக்க மாட்டேன். அவகிட்டச் சொல்லுவேன். அவ சொல்றதுதான்.” அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும், எனக்கும்கூட, அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கவில்லை.

அவர் கிளம்பினார். பிஸ்கட் வாங்கித் தருகிறேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவும் பஸ் ஏற்றிவிடக் கூட வந்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலை. பாதி தூரம் போனதும் அப்பாவுக்கு இருமல் வந்தது. நின்றார். கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். இரண்டு லாரி கடந்து போயும் நிற்கவில்லை.

“என்ன மாப்ள, இந்த இருமு இருமுற?” என்றார் அவர். குரலில் சந்தேகம் திரும்ப வந்ததை நான் கவனித்துவிட்டேன். இப்போதுதான் இவருக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறேன்; மறுபடியும் அப்பாவின் மேல் பழி விழ விடுவேனா?

“அது ஒண்ணும் இல்ல தாத்தா. பெரியாஸ்பத்திரியிலயே பாத்தாச்சு. எங்கப்பாவுக்கு வெறும் தூசிதான்.”

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.