ஸ்டெல்லா அக்காவின் பச்சை மெசின்

போன சனிக்கிழமை நுகேகொடைச் சந்தைக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. மகளையும் மரக்கறிப் பையையும் இழுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த ஹார்ட்வெயார் கடைக்குள் ஏறினேன். கடைக்காரர் யாரோ ஒருவருக்கு மெசின் ஒன்றை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு சில்லுகளின் மேல் சாண்ட்பேப்பர் பட்டி ஒன்று வளையமாக ஓடும். அதில் கத்தியைப் பிடித்தால் கூராகும். பெல்ட் கிரைண்டர் என்பார்கள். பொறி பறந்தது. சூடேறிய இரும்பும் பசையும் கலந்த மணம் கடை முழுவதும் நின்றது.

"அம்மா, என்னவோ எரியுது," என்றாள் மகள்.

"ஒண்டும் இல்லை," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் திக்கென்றது. இதே மணத்துக்கு நடுவில், இதே மாதிரி ஒரு கடையில், இதே இரண்டு சொற்களை முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அன்று அது பொய்.

அப்போது மகளுக்குப் பத்து மாதம். சண்டை முடிய இன்னும் இரண்டு மூன்று வருடங்கள் இருந்தன. முடியும் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கை ஒன்றில், பழைய மாடிக் கட்டடத்தின் இரண்டாம் தட்டில் வாடகைக்கு இருந்தோம். பிள்ளைக்காகப் படிப்பிக்கிற வேலையை விட்டிருந்தேன். பால் போத்தலை இரண்டு தரம் அவிப்பது, காஸ் பூட்டினேனா என்று மூன்று தரம் பார்ப்பது, வீட்டில் இருக்கிற தமிழர் யார் யார் என்று பொலிஸில் பதிந்த குடும்பப் படிவம் லாச்சிக்குள் இருக்கிறதா என்று நான்கு தரம் பார்ப்பது, இவைதான் என் உத்தியோகம். சிரிக்காதீர்கள். அந்தப் படிவம் தொலைந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் நீங்களும் ஐந்து தரம் பார்த்திருப்பீர்கள்.

எதிர்க் கதவில் ஸ்டெல்லா அக்கா. கொட்டாஞ்சேனைப் பிள்ளை, துறைமுகத்தில் வேலை செய்தவரின் மகள். கணவர் கட்டாரில் சாரதி. அவள் தன் வீட்டுக் குசினியில் மீன் கட்லட்டும் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும் செய்து பக்கத்துக் கந்தோர்களில் வேலை செய்பவர்களுக்கு அனுப்புவாள். விடிந்தால் வெங்காய மணம், பத்து மணிக்குப் பொரியல் மணம், பதினொன்றுக்கு லக்ஸ் சவர்க்கார மணம். வேலை முடித்துக் குளித்துவிட்டாள் என்று அர்த்தம். நான் அந்த நேரத்தில்தான் முகம் கழுவியிருப்பேன்.

அவள் மேல் எனக்கு எரிச்சல். எரிச்சல் என்று சொல்வதும் மரியாதைக்காகத்தான். பொறாமை. என் பிள்ளை என்னிடம் அழும். அவள் கதவைத் திறந்து "குட்டீ" என்றால் போதும், என் இடுப்பிலிருந்து பாய்ந்துவிடும். என் கணவர் அவளது கட்லட்டைத் தின்றுகொண்டே, "ஒரு ஆளா நிண்டு எவ்வளவு செய்யுது பார்த்தீரா?" என்பார். அந்த "பார்த்தீரா" எனக்கு. ஆனால் உண்மையில் நான் பொறாமைப்பட்டது பிள்ளைக்கோ கட்லட்டுக்கோ அல்ல. அவளுடைய அடையாள அட்டைக்கு. அதில் பிறந்த இடம் கொழும்பு. என்னுடையதில் யாழ்ப்பாணம். ஒரு லாமினேட் அட்டைக்கு ஒருத்தி பொறாமைப்படலாமா என்று கேட்டால், படலாம். நான் பட்டேன்.

கத்தி விஷயம் எப்படி வந்தது என்றால், எங்கள் ஒழுங்கைக்குச் சைக்கிளில் சாணை பிடிக்க வந்த மனிதர் ஒரு நாள் வரவில்லை, பிறகு வரவேயில்லை. பையில் ஊரார் கத்திகளை வைத்துக்கொண்டு செக்பொயின்றுக்குச் செக்பொயின்ற் விளக்கம் சொல்ல அவருக்கு ஏலாமல் போயிருக்கும். ஒரு நாளைக்கு இருபது கிலோ மீன் வெட்டுகிறவளுக்கு மொட்டைக் கத்தி சரிவருமா? ஸ்டெல்லா அக்கா சொந்தமாக மெசின் வாங்கத் தீர்மானித்தாள். மற்ற வீட்டுக் கத்திகளையும் தீட்டிக் கொடுத்தால் மெசின் தன் விலையைத் தானே உழைத்துவிடும் என்பது கணக்கு.

"மிஸ், நீங்க படிச்ச ஆள். இங்கிலீசுல என்னென்னவோ போட்டிருப்பான். கூட வந்து பாத்துச் சொல்லுங்க. ஏமாந்திட்டேன்னா மறுபடி வாங்க நம்மகிட்ட சல்லி இல்ல."

படித்த ஆள் என்றதும் எனக்குக் குளிர்ந்துவிட்டது. கொப்பியில் பட்டியலே போட்டேன். வீட்டு அலுமாரியில் இருந்த ஒரு பழைய தொழில்நுட்பப் புத்தகத்தைப் புரட்டினேன், கணவரின் கந்தோரில் இருந்த இன்ஜினியரையும் கேட்டேன். மெசின் மலிவாக இருந்தாலும் அதற்கான பெல்ட் கொழும்பில் கிடைக்காவிட்டால் பிரயோசனம் இல்லை. ஆகவே பெல்ட்டின் நீளத்தைப் பார்க்க வேண்டும். பெல்ட் ஓரத்துக்கு ஓடிக் கழலாமல் நேராக்கும் திருகு இருக்க வேண்டும். மோட்டார் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தால் மிக நல்லது. கடைசி வரியின் கீழே நானே கோடு போட்டேன். அந்தக் கோட்டை நீங்கள் ஞாபகம் வைத்திருங்கள். நான் மறக்கப் பார்த்தும் முடியவில்லை.

மெசின் கடைகள் இருந்த மருதானைக்கு ரெயினில் போனோம். ஏறப்போன வெள்ளவத்தை ஸ்டேசன் வாசலில் ஆமிக்காரர். ஸ்டெல்லா அக்கா அட்டையை நீட்டிச் சிங்களத்தில் ஏதோ பகிடி சொன்னாள், சிரித்துக்கொண்டு விட்டார்கள். அடுத்தது நான். அட்டையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், கைப்பையைக் கவிழ்த்தார்கள். பால் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார்கள். இரண்டு தரம் அவித்த போத்தல். பிள்ளை இடுப்பில் அழுதுகொண்டே இருக்க, ஸ்டெல்லா அக்கா திரும்பி வந்து அவளை வாங்கிக்கொண்டாள். உடனே அழுகை நின்றது. மருதானை வரும் வரை பிள்ளை அவள் மடியில் நித்திரை. நான் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் அன்று மிக அழகாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கடையில் கைக்கெட்டும் விலையில் இரண்டு மெசின்கள் இருந்தன. ஒன்று புதியது, பச்சை, பளபளவென்று, ஒரே வேகம். மற்றது பாவித்தது, சாம்பல் நிறம், பக்கத்தில் வேகம் மாற்றும் குமிழ். விலை கொஞ்சம் கூட. முதலாளி இரண்டையும் ஓட்டிக் காட்டினார். பச்சை அலறியது. சாம்பல் முணுமுணுத்தது. பச்சையின் பெட்டிக்குள் ஒரு சிறு புத்தகம். ஸ்டெல்லா அக்கா அதை எடுத்து என்னிடம் தந்தாள். பிள்ளை அவள் தோளில்.

மூன்றாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது: மெல்லிய கத்திகளுக்கு இந்த வேகம் உகந்ததல்ல, சூடேறினால் உருக்கின் கடினம் போய்விடும். அதன் கீழ் வரியில், கட்டாயம் செய்வதானால் ஒவ்வொரு இழுவைக்கும் தண்ணீரில் தோய்க்கவும்.

"என்னா மிஸ் போட்டிருக்கு?"

"பாவிக்கிற முறைதான். விசேசமா ஒண்டும் இல்லை."

"அப்ப பச்சையே எடுக்கலாமா? புதுசு வேற. பாக்க சோக்கா இருக்கு."

"ஓம், எடுக்கலாம்."

ஏன் சொன்னேன்? எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன். பிள்ளை பாலுக்கு அழப்போகிற நேரம், அவசரம் என்று ஒரு விளக்கம். அவளுக்குக் குறைந்த விலைதான் வசதி என்று ஒரு விளக்கம். கோடு போட்ட கொப்பி கைப்பைக்குள் இருந்தபோது இந்த விளக்கங்கள் எதுவும் நிற்காது. எனக்கு அவள் ஒரே ஒரு முறை தோற்க வேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான்.

அடுத்த நாளே தோற்றாள். எங்கள் இரு கதவுகளுக்கும் நடுவில் இருந்த படிக்கட்டு மேடையில் மெசினைப் பூட்டி, முதல் கத்தியாகத் தகப்பனார் கப்பலில் வாங்கி வந்த மீன் கத்தியை வைத்தாள். ஆசையோடு அழுத்தினாள். கூரோரத்தில் மயில் கழுத்து நீலம் படர்ந்தது. பார்க்க வடிவாகவும் இருந்தது. இரண்டு நாளில் அந்தக் கத்தி தக்காளியைக்கூட நசித்தது.

"மெசின் நல்லது மிஸ். என் கைதான் சரியில்ல," என்றாள்.

நான் உள்ளே போய்க் காஸ் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

ஒரு கிழமை கழித்துப் பார்த்தால், மெசினுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் வாளி. கத்தியை ஒரு இழுவை, வாளிக்குள் சுர். ஒரு இழுவை, சுர். பொறுமையாக, பாட்டுப் பாடிக்கொண்டு. கத்திகள் கூராயின. கட்டடம் முழுவதும் கத்தி கொடுக்கத் தொடங்கியது. பிழையான மெசினைக் கொடுத்தும் ஒருத்தி வென்றால் பொறாமைக்காரிக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அந்த வாளியைக் கண்டாலே பிடிக்காது. ஆனாலும் என் வீட்டுக் கத்திகள் மூன்றையும் நானும் கொடுத்தேன். மொட்டைக் கத்தியோடு எத்தனை நாள் கோபம் காட்டுவது?

ஒவ்வொரு வீட்டுக் கத்தியையும் பேப்பரில் சுற்றிப் பெயரும் கதவு இலக்கமும் எழுதி வைப்பது அவள் வழக்கம். வெள்ளவத்தையில், அந்த நாட்களில், தமிழர் இருக்கும் கட்டடத்தில், படிக்கட்டில் பதினேழு கத்திகளை வரிசையாக அடுக்கி வைக்க எங்களுக்குத்தான் தோன்றும். அதில் என்ன பிழை என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பயந்த எனக்கு!

ஒரு ஞாயிறு காலை ஒழுங்கையை மறித்து ஆமிச் சோதனை. சப்பாத்துச் சத்தம் படியேறி எங்கள் மேடையில் நின்றது. கதவைத் திறந்தேன். அதிகாரி ஒருவரும் நான்கு பேரும். அவர்களது கண் கீழே.

"மே பிஹி காகெத?" இந்தக் கத்திகள் யாருடையவை?

மேலே இருந்த பொட்டலத்தில் என் பெயர். தமிழில்தான் எழுதியிருந்தது, ஆனால் அவர்களோடு வாசிக்கத் தெரிந்த ஒருவர் இல்லாமலா இருப்பார்? என் அட்டையில் பிறந்த இடம் எனக்கு மனப்பாடம். இடுப்பில் பிள்ளை.

எதிர்க் கதவு திறந்தது. கையில் மா, நெற்றியில் வியர்வை.

"ஒக்கோம மகே, மஹத்தயா," என்றாள் ஸ்டெல்லா அக்கா. எல்லாம் என்னுடையவை.

பிறகு சிங்களத்தில் கடகடவென்று கட்லட், கந்தோர், மெசின், வாளி எல்லாம் சொன்னாள். மெசினை ஓட்டியும் காட்டினாள். ஒரு ஆமிக்காரர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. பதினேழையும் சாக்கில் கட்டச் சொல்லி, அவளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "மிஸ், அடுப்புல எண்ணெய் இருக்கு, நூத்துடுங்க," என்றாள். நான் போய் அடுப்பை நூர்த்தேன். காஸ் பூட்டிவிட்டேனா என்று அன்று ஒரு தரம்கூடத் திரும்பப் பார்க்கவில்லை. அவள் வீட்டுக் குசினி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன்.

மத்தியானம் மூன்று மணிபோல வந்தாள். சாக்கு வரவில்லை, தகப்பனாரின் கத்தியும் அதோடு போய்விட்டது. என் கணவர் நன்றி சொல்லச் சொல்லத் தட்டிவிட்டாள். "அட விடுங்க சார், என்னைய என்னா செய்வானுங்க? எம்பது கட்லட் ஓடர் போனதுதான் கவலை." பிள்ளை அவளைக் கண்டதும் என் இடுப்பிலிருந்து பாய்ந்தது. நம்புவீர்களோ தெரியாது, அப்போதும் எனக்கு எரிந்தது.

அடுத்த வருடம் அவள் கணவர் இருந்த இடத்துக்குப் போய்விட்டாள். போகும் முன் மெசினை எங்கள் கதவருகே இழுத்து வைத்தாள்.

"நீங்க தெரிஞ்சு எடுத்தது மிஸ். உங்ககிட்டயே இருக்கட்டும்."

பெட்டிக்குள் அந்தச் சிறு புத்தகமும் இருந்தது. அவள் போய் மாதங்கள் கழித்துத்தான் திறந்தேன். மூன்றாம் பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. இரண்டு வரிகளுக்கும் பக்கத்தில் பென்சிலால், அவளுடைய உருண்டைத் தமிழ் எழுத்தில்: "மெல்லிசுக் கத்திக்கு கூடாது. தண்ணில முக்கி எடுக்கணும்." யாரிடமோ கேட்டு எழுதியிருக்கிறாள். என் பெயர் இல்லை. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வாளி வந்தது மெசின் வாங்கிய ஒரு கிழமையில். சோதனை வந்தது அதற்குப் பல மாதங்கள் பிறகு. அப்படியென்றால் அந்த ஞாயிறு அவள் எதிர்க் கதவைத் திறந்தபோது, கடையில் நான் சொன்ன பொய் அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் எல்லாம் என்னுடையவை என்றாளா? அல்லது சூடான இரும்பைத் தண்ணீரில் வைப்பது யாருக்கும் தோன்றக்கூடியது, எழுதியது பிறகுதானா? இரண்டாவதாக இருக்கட்டும் என்று சில நாள் ஆசைப்படுவேன். முதலாவதுதான் என்று எனக்குத் தெரியும்.

மழை விட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பாமன்கடையைத் தாண்டும்போது முன்பு எல்லோரும் இறங்கி அட்டை காட்டிய இடத்தில் இப்போது பூக்கன்றுத் தொட்டிகள். எங்கள் பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள்; பத்து மாடி எழும்பியிருக்கிறது, லிஃப்ற் இருக்கிறது, எதிர் எதிராகக் கதவுகள் இல்லை. பச்சை மெசின் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அவள் தந்த தொலைபேசி இலக்கத்தில் யாரோ அரபு பேசுகிறார்கள். மகளுக்கு ஸ்டெல்லா அக்கா என்று ஒருத்தி இருந்ததே ஞாபகமில்லை. அதில் எனக்கு வரவேண்டிய சந்தோசம் வரவில்லை.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அவள். "ஏன் மிஸ் சொல்லல்ல?" என்று. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவளும் மூடிக்கொண்டிருந்தாள். அதிலும் அவளுடையதுதான் என்னுடையதை விட நல்லது. அதற்கும் எனக்கு அவள் மேல் பொறாமைதான். இப்போது பொறாமைப்பட எதிர்க் கதவுதான் இல்லை.