மீன் தின்னாத லூசியா

கடற்கரை ஊரான பேசாலையில் பிறந்து, கருவாட்டு வாடியில் நாள் முழுக்க மீன் வெட்டி உப்புப் போட்டுக் காயவைத்து வயிறு வளர்த்தவள் லூசியா. அவளே மூன்று வருடமாய் மீனை வாயில் வைக்கவில்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா? "ஐயரம்மா வாறா, வழி விடுங்கோ" என்று வாடிப் பெண்கள் கேலி பண்ணுவார்கள். "ஓம், ஐயரம்மாதான். கத்தியை இஞ்சால தா" என்பாள் அவள்.

எல்லாம் தம்பி அம்புறோசுக்காக. தாயும் தகப்பனும் ஒரே வருடத்தில் வாந்திபேதியில் போனபோது அவனுக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினாறு. கலியாணம் கேட்டு வந்தவர்களை எல்லாம் "அவன் படிச்சு முடியட்டும்" என்று திருப்பி அனுப்பினாள். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தேழில் அவன் கொழும்பு யூனிவர்சிற்றிக் கொலீஜுக்கு ரயிலேறிய கையோடு, மடு மாதா கோயிலுக்குப் போய் முழந்தாளிட்டாள். தம்பி பாஸ் பண்ணி வீட்டுக்கு வந்து, அக்கா கையால் சமைத்த மீனில் முதல் துண்டை அவன் தின்ற பிறகுதான் தானும் தின்பேன் என்று மாதாவுக்கு நேர்ந்தாள். அவனுக்கு அதைச் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பாரம் எதற்கு?

மாதம் ஒரு தடவை கருவாட்டுப் பொட்டலம் கொழும்பு ரயிலில் போகும். நல்ல பாரை, முள் எடுத்தது. விடுதிச் சாப்பாடு அவன் வாய்க்குப் பிடிக்காது என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். "கருவாடு கிடைத்தது, நல்லாயிருந்தது" என்று அவன் கடிதம் வரும். அந்த ஒரு வரியைப் பங்குச் சுவாமியிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். பிறகு அவளுக்குப் பருப்பும் சோறும் தொண்டையில் இறங்கிவிடும்.

லீவுக்கும் ஊருக்கு வராமல் கொழும்பிலேயே நின்று படித்து, முப்பதாம் ஆண்டு அவன் பி.ஏ. பாஸ் பண்ணி வந்தான். லூசியா கரைக்கே போய், துள்ளுகிற விளைமீனாய்ப் பார்த்து வாங்கி வந்தாள். குழம்பு கொதித்த வாசத்துக்கு அவளுக்குக் கண் கலங்கியது. மூன்று வருடம் என்றால் லேசா? சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, நடுத்துண்டை அவன் பக்கம் வைத்தாள். அம்புறோஸ் அதை விரலால் ஓரத்துக்குத் தள்ளினான்.

"நான் இப்ப மீன் தின்னுறேல்லை அக்கா. விட்டு மூண்டு வருசமாகுது."

லூசியாவுக்குப் புல்லரித்தது. இவனும் நேர்ந்திருக்கிறான், அதுவும் தனக்குச் சொல்லாமல், தன்னைப் போலவே.

"நீயும் மாதாவுக்கு நேர்ந்தனியோ ராசா? நானும்தான்." தன் நேர்த்தியை முழுக்கச் சொன்னாள். "இப்ப பாஸ் பண்ணியாச்சு. நீ ஒரு துண்டு தின், பிறகு நான் தின்னுறன்."

"ஓம்" என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பாவி, அவனால் அது முடியவில்லை.

"நேர்த்தி இல்லை அக்கா. முதல் பொட்டலத்தை அறையில பிரிச்ச அண்டைக்கே எனக்குக் கருவாடு எண்டு பேர் வைச்சிட்டாங்கள். சாப்பிடேக்க பக்கத்தில இருந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனான். பிறகு நான் மரக்கறி மேசைக்கு மாறிட்டன். அங்க ஒருத்தரும் என்னைப் பாத்துச் சிரிக்கேல்லை."

"அப்ப நான் அனுப்பினது?"

"ஸ்ரேசன் கூலியாளிட்டயே குடுத்திட்டு வந்திடுவன்."

லூசியா அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்கமாட்டாமல் அவன் அந்தத் துண்டை எடுத்து வாயில் வைத்தான். மென்றான். விழுங்கத்தான் முடியவில்லை. குமட்டிக்கொண்டு வர, பின்புறம் ஓடிப்போய் மணலில் துப்பினான். திரும்பி வந்தபோது அழுதுகொண்டிருந்தான்.

"இன்னொருக்கா வையுங்கோ அக்கா, தின்னுறன்."

"வேண்டாம். கையைக் கழுவு" என்றாள். அவனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்துவிட்டு, குழம்புச் சட்டியை அப்படியே அடுத்த வீட்டு இராசம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றைக்கு அவள் நெஞ்சு உடைந்ததுதான், பிறகு ஒட்டவேயில்லை.

அம்புறோசுக்குக் கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை கிடைத்தது. வருடத்துக்கு ஒருமுறை வருவான். அவனுக்கு அவள் மரக்கறி மட்டுமே சமைப்பாள். அதன் பிறகும் லூசியா பதினாறு வருடம் இருந்தாள். வாடியில் அதே கத்தி, அதே உப்பு. மீன் மட்டும் அவள் வாயில் படவில்லை. "தம்பிதான் பாஸ் பண்ணிட்டானே, இன்னும் என்ன நேர்த்தி?" என்று பெண்கள் கேட்பார்கள்.

"அவன் பாஸ் பண்ண இன்னும் ஒரு சோதினை கிடக்கு" என்பாள் லூசியா, நிமிராமல் மீனை வெட்டிக்கொண்டே.