உத்தனப்பள்ளி மேட்டில் ஒரு மோட்டாரும் ஒரு ஞாயிறும்

கல்யாணமாகி எட்டு மாதம். இதில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்திருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் சேலத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். அவர் உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பூஸ்டர் ஸ்டேஷனில் மோட்டார் ஆபரேட்டர். அவருக்கு மாற்று ஆள் கிடைக்காததால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பினேன். ஊர் பார்க்கப் போனேன் என்று சொன்னால் பொய். காலை வேலை முடிந்ததும் கிருஷ்ணகிரி அணைக்குப் போவதாகத் திட்டம் மட்டும் இருந்தது.

சேலத்தில் காலை 5.30க்கு ஓசூர் பஸ். சுமார் 160 கிலோமீட்டர், டிக்கெட் 150 ரூபாய். 9.15க்கு ஓசூர். அங்கிருந்து உத்தனப்பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் கம்பெனி பஸ்கள் கிளப்பும் புழுதியும் இலவசம். 10.20க்கு இறங்கி, வந்துவிட்டேன் என்று சொல்ல அவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அப்போதும் எடுக்கவில்லை. மூக்குக்கு மேல் கோபத்தோடு ஆட்டோ ஏறினேன். நான்கு கிலோமீட்டர், 80 ரூபாய்.

ஸ்டேஷன் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு அறை, தரைக்கடியில் ஒரு தொட்டி, இரண்டு மோட்டார். தூரத்து ஆற்றிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் இந்த மேட்டுக்கு வருவதற்குள் வேகம் இழந்துவிடும். அதைப் பிடித்துவைத்து மறுபடி தள்ளி, குன்றின்மேல் இருக்கும் ஊருக்கு ஏற்றுவதுதான் இங்கே வேலை. அந்த ஊருக்கு நான்கு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். போர் போட்டும் பார்த்தார்களாம், புழுதிதான் வந்தது.

அவர் வாசலிலேயே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். மோட்டார் சத்தம் இல்லை.

"இன்னிக்கி சீக்கிரமே டேங்க் ரொம்பிருச்சு. நாராயணப்பா ரிங் குடுத்துட்டாரு. வா, அணைக்குப் போலாம்."

நாராயணப்பா மேல் ஊர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர். மோட்டார் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் இருவருக்கும் ஒரு ஏற்பாடு. ஒரு முறை ரிங் வந்தால், தண்ணீர் வந்து சேர்ந்தது. அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால், தொட்டி நிரம்பியது, நிறுத்து. ஜன்னலில் கிடக்கும் போனை இவர் எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை.

"ரெண்டு தடவ அடிச்சது நான்தாங்க."

அவர் ஸ்டார்ட்டரிடம் ஓடினார். அதற்குள் மோட்டாருக்கு வேண்டிய மும்முனை கரண்ட் போயிருந்தது. இனி மூன்று மணிக்குத்தான்.

பதினைந்து நிமிடத்தில் நாராயணப்பா பைக்கில் வந்தார். தெலுங்கில் திட்டிக்கொண்டே இறங்கியவர், என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"ஏம்பா, அரை டேங்க் கூட ஏறல, நிறுத்திட்ட? மேல்தெருவுல ஒரு கொடம் ரொம்பல. பொம்பளைங்க என்னைய நிக்க வெச்சுக் கேக்கறாங்க."

நடந்ததைச் சொன்னேன். "சரி உடும்மா. மூணு மணிக்குப் போட்டாப் போதும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அணைக்குப் போகும் திட்டம் போயிற்று. கொண்டுபோன புளிசாதத்தை அந்த அறையிலேயே சாப்பிட்டோம். 3.40 பஸ்ஸை விட்டால் நான் சேலம் திரும்ப முடியாது. திங்கள் காலை கடை திறப்பது நான்தான். இருவரும் மாறி மாறிக் கடிகாரத்தைப் பார்த்தோம். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே ஒருவருக்காக ஏங்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

3.05க்குக் கரண்ட் வந்தது. அவர் ஸ்டார்ட்டரைத் தொடவில்லை.

"உன்ன பஸ் ஸ்டாப்புல உட்டுட்டு வந்து போட்டுக்கறேன். அரை மணி நேரந்தானே."

"கரண்ட் எதுவரைக்கும் இருக்கும்?"

"அஞ்சு."

தொட்டி நிரம்பக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் வேண்டும் என்று சாப்பிடும்போது அவரே சொல்லியிருந்தார். அந்த அரை மணி நேரம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, வண்டியில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போக.

"போடுங்க. நான் ஆட்டோல போய்க்கறேன்."

போட்டார். அந்த இரைச்சலில் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு ஆட்டோ தேடி நடந்தேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தண்ணீரை ஓசூரிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரரின் நம்பரை வாங்கிவையுங்கள், திரும்பும்போது வண்டி சுலபத்தில் கிடைக்காது. மேல் ஊரில் யாராவது குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் மீதி வைக்காதீர்கள். யாரையாவது பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் ஒரு நாள் போதாது.

மேல்தெரு வரை தண்ணீர் போய்விட்டதாக அன்று மாலை நான் பஸ்ஸில் இருக்கும்போதே அவர் போன் செய்தார். மோட்டார் போட்டதும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அதைப் போனில் சொல்ல முடியாதாம். நேரில் வா என்கிறார்.