தெற்கு பார்த்த வீடு

என் வீட்டுக்காரர் தாவீது சாரத்திலிருந்து விழுந்தது போன வருஷம் ஆகஸ்ட் மாதம். விளாங்குடியில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு அப்போது வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. அவருக்கு அவனியாபுரத்தில் லேத் பட்டறை. பட்டறைக்குப் போகும் வழியில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று போனவர், மேலே ஏறினார். சாரம் ஒரு பக்கம் சரிந்தது. கீழே கிடந்த செங்கல் குவியல் மேல் முதுகு அடிபட விழுந்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பில் நின்றவளுக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் கண் விழித்துத்தான் இருந்தார். "ஜெபா, என் கால் எங்க இருக்குன்னே தெரியல," என்றார்.

முதுகெலும்பில் அடி. மறுநாள் ஆபரேஷன் செய்யலாம், ஆனால் நடப்பாரா மாட்டாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அந்த நேரத்தில்தான் ரோஸ்லின் மதினி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர். திருவாதவூரில் இருந்து பஸ் ஏறி, முகம் வீங்க அழுதுகொண்டே வந்தார். வந்தவர் முதலில் சொன்னது இதுதான்.

"அப்பவே சொன்னேன்ல ஜெபா. தெக்குப் பாத்த வாசல் வேண்டாம்னு அம்புட்டுச் சொன்னேன்ல."

"மதினி, நாம இயேசுவ நம்புற வேதக்காரங்க."

"எனக்கு மட்டும் அதுல நம்பிக்கையா இருக்கு? ஒரு சேஃப்டிக்குச் சொல்றேன். ஜெபமும் பண்ணுவோம், வாசலயும் மாத்துவோம். ஆபரேஷனுக்கு முந்தி அந்த வாசல் நிலைய எடுக்கச் சொல்லிரு."

மதினி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். எங்கள் சபையார் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். கண்ணீரோடு ஜெபித்தார். ஆமென் சொன்ன கையோடு என் காதருகே குனிந்து, "சிஸ்டர், அடுப்படி எந்த மூலைல வருது?" என்று கேட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சொல்லுகிறவர்களின் வாயை எல்லாம் அடைத்து அனுப்புகிற ஆள்தான் நான். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆனால் மதினி கடைசியாகச் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. "நாளைக்கு அவன் எந்திரிக்காமப் போனா, நீதான் பதில் சொல்லணும்." ஒரு வாசல்தானே, இடித்தால் என்ன, இவர் நடந்தால் போதாதா என்று மனசு பேச ஆரம்பித்தது. கொத்தனார் முருகேசனின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தேன்.

அந்த வருஷம் எங்கள் சபையில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வகுப்பு தொடங்கியிருந்தார்கள். வேதம் இந்த உலகத்தை எப்படிப் பார்க்கிறதோ அப்படி நாமும் பார்க்கப் பழகுவதற்கான வகுப்பு. தபால் ஆபீசில் வேலை பார்க்கும் எபி அண்ணன்தான் நடத்தினார். மனப்பாட வசனம் கிடையாது, பரீட்சை கிடையாது. வீட்டிலோ வேலையிலோ கடைத்தெருவிலோ அந்த வாரம் நாம் எடுத்த ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். அதன்மேல் நான்கு கேள்வி. இதை உண்டாக்கினது யார்? இது எதனால் கெட்டுப்போனது? கிறிஸ்து இதை எப்படி மீட்கிறார்? இப்போது நான் செய்ய வேண்டியது என்ன? எபி அண்ணன் அடிக்கடி சொல்வார், "ஞாயித்துக்கெழம நல்லாத்தான் நம்புறோம். பயம் வந்தா எதப் போயிப் பிடிக்கிறோமோ, அதுதான் நம்ம நெசமான நம்பிக்கை."

முருகேசனைக் கூப்பிடவில்லை. எபி அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணே, இடிக்கவா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க," என்று அழுதேன். அவர் சொல்லவில்லை. "நம்ம கேள்விய ஒவ்வொண்ணாக் கேட்டுப் பாரு தங்கச்சி. நாங்க எல்லாரும் ஜெபிக்கிறோம்," என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, அவர் காலைத் தாரும். அதுக்கு முன்னால இந்தப் பயத்த என்னை விட்டு எடுத்துப்போடும்," என்று கேட்டேன். பிறகு கேள்வியை ஆரம்பித்தேன். தெற்கை உண்டாக்கினது யார்? வடக்கையும் தெற்கையும் அவரே உண்டாக்கினார் என்று வேதத்தில் சங்கீதக்காரன் பாடியிருக்கிறானே. அவர் உண்டாக்கின ஒரு திசை என் புருஷன் முதுகை உடைக்குமா? உடைக்காது. அப்படியானால் எது கெட்டுப்போய் இது நடந்தது?

அங்கே நின்றுவிட்டேன். காலையில் இருந்து எத்தனை பேர் வந்து போனார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆட்டோ பிடித்து விளாங்குடியில் கட்டுகிற வீட்டுக்குப் போனேன். வேலையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. முன்பக்கச் சாரத்தில் முருகேசனும் பாண்டியம்மா என்கிற சித்தாளும் நின்று பூசிக்கொண்டிருந்தார்கள். சரிந்து கிடந்த பக்கத்தில் தொங்கிய கயிற்றைப் பிடித்து இழுத்தேன். நனைந்து, காய்ந்து, இற்றுப்போன கயிறு. கையோடு வந்துவிட்டது.

"எல்லாரும் எறங்குங்க," என்று கத்தினேன்.

"அக்கா, வாசல் சரியில்லாமத்தானே அண்ணே விழுந்தாருன்னு சொல்றாக," என்றார் முருகேசன்.

"எறங்குங்கண்ணே முதல்ல."

இறங்கினார்கள். அவர்கள் நின்ற பக்கத்துக் கயிற்றையும் முருகேசன் இழுத்துப் பார்த்தார். அதுவும் பிய்ந்தது. பாண்டியம்மா அப்படியே மணல்மேல் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள இருக்குக்கா," என்று அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்த நிமிஷம் என் பயம் போய்விட்டது. நான் கேட்ட இரண்டில் ஒன்றை ஆண்டவர் அங்கேயே கொடுத்துவிட்டார். வாசலை இடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருந்தால் அந்தக் கயிற்றை யாரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டோம்.

இற்ற கயிற்றை எல்லாம் அறுத்துப் போடச் சொல்லிவிட்டு, புதுக்கயிறு கட்டாமல் யாரும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். மதினியிடம், "வாசல இடிக்க மாட்டேன் மதினி. அவர் எந்திரிச்சாலும், எந்திரிக்காட்டியும், நான் பதில் சொல்லிக்கிறேன்," என்றேன். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் காலில் உணர்வு இல்லை. சில நாட்கள் அப்படியே போயின. ஒரு காலையில் மதினி ஈரத்துணியால் தம்பியின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, தண்ணி குளுருது," என்றார் அவர்.

மதினி துணியோடு அப்படியே நின்றார். மறுபடி தொட்டார். "குளுருதுக்கா," என்றார் அவர். மதினி தரையில் விழுந்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொன்ன சத்தத்துக்கு நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். நான் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. கர்த்தர் எனக்கு இரண்டாவதையும் கொடுத்தார்.

மாதக்கணக்கில் பயிற்சி. அப்புறம் கம்பு ஊன்றி நடந்தார். வீட்டுப் பிரதிஷ்டை அன்று தெற்கு வாசல் வழியாகத் தம் காலால் நடந்து உள்ளே போனார். கூடியிருந்தவர்களில் ஒருவர், "பாத்தீங்களா, தெக்கு வாசல் ஒண்ணும் செய்யல," என்றார். இவர் நின்று திரும்பினார். "அண்ணே, என்னைத் தூக்கிட்டு வந்திருந்தாலும் இதே வாசல் வழியாத்தான் வந்திருப்பேன். அப்பவும் ஸ்தோத்திரந்தான் சொல்லியிருப்பேன்."

இப்போது சனிக்கிழமை வகுப்பு எங்கள் வீட்டில்தான் நடக்கிறது. மதினி ஒரு வாரம் தவறுவதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து எபி அண்ணனையே மடக்குகிறார்.

போன சனிக்கிழமை தன் மகளுக்குக் கல்யாண நாள் குறித்துவிட்டதாகச் சொன்னார். எந்த மாதம் என்று கேட்டேன். ஆடி என்றார்.

"ஆடியிலயா மதினி?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் டீச்சர், ஆடி மாசத்த உண்டாக்கினது யாரு?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்பானவர்களே, பயம் இல்லாத ஆள் என்று என்னை நினைத்து இதைக் கேட்காதீர்கள். பயந்தவள்தான் நான். கேட்டேன், அவர் கொடுத்தார். நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். அப்படியே மதினி வீட்டுக் கல்யாணத்துக்கும் வந்துவிடுங்கள். ஆடி மாதம் என்பதால் மண்டபம் பெரிதாகக் கிடைத்திருக்கிறது. எல்லாருக்கும் இடம் இருக்கிறது.