கொப்பரைக்குள் பிள்ளை பெற்றவள்

கல்சோமின் வாய்க்குப் பயந்து ஏ பிளாக்கில் குழாய்கூடச் சத்தமில்லாமல்தான் ஒழுகும் என்பார்கள். சொல்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். கோத்தா பாரு நகரத்து ஆற்றங்கரை அடுக்குமாடியில் ஐந்து மாடி, நாற்பது வீடு. அத்தனை வீட்டிலும் பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு பிடித்துவிட்டதும், சுட்ட கல்லைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்ததும், நீளத் துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டியதும் அவள்தான். பந்தாங் என்னும் பிள்ளைப்பேற்றுப் பத்தியம் நாற்பத்து நான்கு நாள். அதுவரை பெற்றவள் படி இறங்கக் கூடாது, குளிர்ச்சியாக எதையும் வாயில் வைக்கக் கூடாது, படுத்த இடத்தை விட்டு அவளை யாரும் அசைக்கக் கூடாது. மந்திரியே வந்தாலும் கல்சோம் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள்.

எல்லாரும் அவளை மக் சோம், அதாவது சோம் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவளுக்குப் பிள்ளை இல்லை. ஒன்பது வருஷம் பார்த்துவிட்டுப் புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போனான். "போறவன ஏறு ஏறுன்னு கூப்பிட நான் என்ன பஸ் கண்டக்டரா?" என்று அன்றைக்குக் கேட்டவள், அதன் பிறகு அவன் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான்காம் மாடி ஹாஜி ஜூசோவின் மகள் ரைஹானுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அன்று மத்தியானமே, படிக்கட்டுக்குக் கீழே கிடந்த விருந்துக் கொப்பரைக்குள், சாக்குகளின் மேல், தொம்போ நான்கு குட்டி போட்டது. தொம்போ, கல்சோம் வாசலில் சாப்பிட்டு வளர்ந்த திட்டுத் திட்டான பூனை. கொப்பரை, ஏ பிளாக்குக்கே பொதுவான இரும்புக் கொப்பரை. நூற்றைம்பது பேருக்கு ஆட்டுக்கறி ஆக்கலாம்.

கல்சோம் எட்டிப் பார்த்தாள். கண் திறக்காத நான்கும் தாயின் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தன. "அடி கெட்டிக்காரி, தனியாவே பெத்துட்டியா?" என்றவள், அன்று மாலையே விரால் மீனைச் சுட்டு முள் எடுத்துக் கொண்டுவந்து வைத்தாள். புண் ஆற ரைஹானுக்குச் சுட்ட அதே மீன். சுடுகல்லைத் துணியில் சுற்றிச் சாக்குக்கு அடியிலும் செருகினாள். மாடிப் பெண்கள் பார்த்துவிட்டு, "மக் சோம், வயித்துக்குக் கட்டுப் போடலியா?" என்று கேலி செய்தார்கள். "போடத்தான் பாத்தேன். உன்ன மாதிரியே கடிக்க வருது" என்றாள்.

சிக்கல் மூன்றாம் நாள் வந்தது. ஹாஜி ஜூசோதான் குடியிருப்போர் சங்கத் தலைவர். பேரனுக்கு ஏழாம் நாள் முடியிறக்கி, ஆடு அறுத்து அகீகா விருந்து கொடுப்பதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கீழ்மாடி ரொஸ்டியைக் கூட்டிக்கொண்டு கொப்பரையைப் பார்க்க வந்தவருக்குப் பூனை பல்லைக் காட்டியது.

"என்ன கண்றாவி இது! ரொஸ்டி, இதுங்களச் சாக்குல போட்டு அக்கரை மீன் மார்க்கெட்ல விட்டுட்டு வா."

மீன் மார்க்கெட்டில் விடுவது என்றால் என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். பெரிய பூனை பிழைத்துக்கொள்ளும். கண் திறக்காதது பொழுது சாய்வதற்குள் போய்விடும்.

கல்சோம் நாற்காலியைக் கொண்டுவந்து கொப்பரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். "பெத்து மூணு நாள்தான் ஆவுது. அது பந்தாங்ல இருக்கு. அசைக்கக் கூடாது."

"பூனைக்குப் பந்தாங்கா? உனக்குப் புத்தி பெசகிப் போச்சா, கல்சோம்?"

"பெத்த உடம்புக்குத்தான் பந்தாங். வால் இருக்கா இல்லியான்னு யாரும் கேக்கறதில்ல."

"பெட்டியில எடுத்து உன் வீட்ல வச்சுக்கயேன்!"

அதைக் கேட்டதும் கல்சோமின் முகம் மாறியது. எட்டு வருஷத்துக்கு முன்பு அவள் அதைத்தான் செய்தாள். மழை நனைக்கிறதே என்று மூன்று குட்டிகளைத் தூக்கிவந்து பெட்டியில் வைத்தாள். தாய் திரும்பி வரவேயில்லை. பாலைப் பஞ்சில் நனைத்துப் பிழிந்தாள். நான்கு நாளில் மூன்றும் அவள் கையிலேயே விறைத்துப் போயின. ஊருக்கெல்லாம் அசைக்காதே என்று சொல்கிற நானே அசைத்தேனே என்று அன்று அவள் அழுத அழுகையை யாரும் பார்க்கவில்லை.

"முடியாது. பி பிளாக்லயும் கொப்பரை இருக்கு. போய்க் கேளுங்க" என்றாள்.

அந்த இடத்தில்தான் ஹாஜிக்குச் சுருக்கென்றது. பி பிளாக் தலைவர், போன வருஷப் பட்டப் போட்டியில் நடுவராக இருந்து, ஹாஜியின் பட்டத்தில் கட்டிய ஓசை வில் வானத்தில் சரியாக முனகவில்லை என்று மதிப்பெண் குறைத்தவர். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

"பூனைக்காக நான் அந்த ஆள்கிட்ட கை நீட்டணுமா? இனிமே நீ என் மகளத் தொடவே வேணாம். டவுன்லேருந்து மசாஜ் பொம்பளயக் கூப்பிட்டுக்கறேன். பெத்திருந்தாத்தானே பிள்ளையோட அரும தெரியும். பெறாதவளுக்குப் பூனைதான் பிள்ளை!"

மாடிகளில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எல்லார் காதிலும் அது விழுந்தது. அழுதால் தோற்றுப்போவோம் என்று தெரிந்தவள் கல்சோம்.

"ஆமா ஹாஜி, நான் பெறலதான். ஆனா இந்த பிளாக்குல ஏறி எறங்கற இடுப்பெல்லாம் நான் கட்டிவிட்ட இடுப்பு. உங்க வீட்டுக்காரம்மா இடுப்பும் சேத்துத்தான்!"

யாரோ குபீரென்று சிரித்தார்கள். ஹாஜி விறுவிறுவென்று படியேறிப் போனார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் கல்சோம் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. தொழப் போகும்போது மட்டும் எதிர்வீட்டுக்காரியை உட்கார வைத்துவிட்டுப் போனாள். பூனையைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை, பக்கத்திலேயே இருக்கிறது. மேலே இருக்கிற பெண்ணை நினைத்துத்தான் உள்ளுக்குள் எரிந்தது. டவுனிலிருந்து ஹாஜி கூட்டிவந்த புதியவள் கல்லை எவ்வளவு சூட்டில் வைக்கிறாளோ, வயிற்றுக் கட்டுக்கு எங்கே முடிச்சுப் போடுகிறாளோ.

ஏழாம் நாள் காலை ஆடு அறுத்தாகிவிட்டது. முற்றத்தில் விறகு அடுக்கியாகிவிட்டது. ஹாஜி, ரொஸ்டியையும் அவன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"எந்திரி கல்சோம்."

"மாட்டேன். கொப்பரைய எடுக்கணும்னா என்னயும் உள்ள வச்சே தூக்குங்க. நானும் கறிக்கு ஆவேன், கொஞ்சம் முத்தல், அவ்வளவுதான்."

"ரொஸ்டி, தூக்குடா!"

ரொஸ்டி காதைச் சொறிந்தான். "ஹாஜி, என் பொண்டாட்டிக்கு அடுத்த மாசம். மக் சோமப் பகைச்சிக்கிட்டு நான் வீட்டுக்குப் போவ முடியாது." மச்சான் விறகைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

ஹாஜி தானே குனிந்து கொப்பரையின் விளிம்பைப் பிடித்தார். தொம்போ எழுந்து சீறியது. கல்சோம் அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

அப்போதுதான் மாடியில் பெண்கள் அலறினார்கள். "ஐயோ, படி எறங்கறா! புடிங்கடி!"

ரைஹான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவிழ்ந்த வயிற்றுக் கட்டு பின்னால் படிகளில் இழுபட்டு வந்தது.

"பெத்து ஏழு நாள்கூட ஆவல, எதுக்கும்மா எறங்கின?" ஹாஜிக்குக் குரல் உடைந்துபோனது. கொப்பரையை விட்டுவிட்டு ஓடினார்.

"நீங்க கூட்டியாந்த பொம்பள கட்டின கட்டு தும்முனா அவுருதுப்பா. இடுப்பு விட்டுப் போவுது. எனக்கு மக் சோம் வேணும். அவங்க இங்கேருந்து எந்திரிக்க முடியாதாமே. அதான் நானே வந்தேன்."

கல்சோம் ஒரு நிபந்தனையும் போடவில்லை. "கிறுக்கி, கிறுக்கி" என்று திட்டியபடியே பெண்ணைத் தாங்கி நாற்காலியில் சாய்த்தாள். பெண்கள் ஓடிவந்து சுற்றிலும் சரோங் கைலிகளைப் பிடித்து மறைத்தார்கள். மறைப்புக்குள் கல்சோம் துணியை இழுத்து இழுத்து, முடிச்சு மேல் முடிச்சாகக் கட்டினாள். ரைஹான் நிம்மதியாக மூச்சு விட்டது வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

சரோங்குகள் விலகின. ஹாஜி குனிந்த தலையோடு நின்றார். "கொப்பரை இங்கேயே கெடக்கட்டும். நான் பி பிளாக்குப் போறேன்" என்றார். "இப்பத் திருப்திதானே?"

"இல்ல" என்றாள் கல்சோம். நெற்றி வியர்வையை முக்காட்டு நுனியால் துடைத்தாள். "பெறாதவன்னு எல்லார் காதும் கேக்கச் சொன்னீங்க. அதே காதுங்க இங்கதான் இருக்கு. திருப்பி வாங்கிக்குங்க."

ஹாஜி மாடிகளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "சொன்னது தப்பு" என்று முணுமுணுத்தார்.

"எனக்கு விழல."

"சொன்னது தப்பு, மக் சோம்!"

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அன்றைக்குத்தான். அவளைவிட ஐந்து வயது பெரியவர். கல்சோமுக்குக் கண் கலங்கியது. இந்தத் தடவை எல்லாரும் பார்க்கட்டும் என்று துடைக்காமலேயே விட்டுவிட்டாள்.

"சரி, போங்க" என்றாள். "ஆடு காத்துக்கிட்டிருக்கு."