கோவிந்தராஜுலுவின் பச்சைப் பொட்டு

புது இட்லிப் பானையின் மூடியைப் பொருத்தி, எடுத்து, மறுபடி பொருத்தி, நகத்தால் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கைப்பிடிக்கு அடியில் ஒரு பச்சைப் பொட்டு வைக்கிறார் கோவிந்தராஜுலு. பாஸ். இனி அதில் இட்லி அவிக்கலாம்.

மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் முப்பத்தைந்து வருடம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். தேறிய பொருளுக்குப் பச்சைப் பெயின்ட், தேறாததற்குச் சிவப்பு. ஓய்வு பெற்ற அன்று இரண்டு டப்பாவையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சிவப்பை மட்டும் அவர் மனைவி ராமாமணியம்மா கேட்டுக்குள் விடவில்லை. கேஸ் அடுப்பு, குடை, துணி காயப்போடும் கம்பி, சரவணம்பட்டியில் அவர்கள் வீட்டு மாடியில் நான் குடியிருக்கும் அறையின் தாழ்ப்பாள் என்று எல்லாவற்றிலும் பச்சை இருக்கிறது.

வெள்ளகோவில் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். வாங்கிய கையோடு சான்றிதழை அவரிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நான்கு ஓரங்களையும் பார்த்தார்.

"ரொம்பச் சந்தோசமுங்க தம்பி. இந்த மூலைல மட்டும் வெட்டுனது அரை மில்லி சாஞ்சிருக்குது."

பொட்டு கிடைக்கவில்லை.

பொட்டு கிடைக்காத இன்னொன்று போர்டிகோவில் நிற்கிறது. அறுபத்தொன்பதாம் வருட ஜாவா மோட்டார் சைக்கிள். கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டால், பிடித்த பிடியிலேயே ஒரு துள்ளு துள்ளும். போன மாதம் அன்னூர் ரோட்டில் சிக்னலில் அது துள்ளியபோது, பின்னால் உட்கார்ந்திருந்த ராமாமணியம்மா முன்னால் நின்ற பஸ்ஸைத் தலையால் முட்டாத குறை. வீட்டுக்கு வந்ததும் தெலுங்கில் ஒரு தடவை திட்டினார். மாடியில் இருக்கும் எனக்கும் புரியட்டும் என்று தமிழில் இன்னொரு தடவை திட்டினார்.

பெங்களூரில் இருக்கும் மகன் யஷ்வந்த், பழைய வண்டி சேர்க்கும் அஃபான் என்பவரைப் பிடித்துக் கொடுத்தான். நிபந்தனையை ராமாமணியம்மா போட்டார்: "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு அந்தத் தம்பி வாராரு. அதுக்குள்ள துள்ளாம ஓடுச்சுன்னா வெச்சுக்கோங்க. இல்லீன்னா குடுத்துப்போடோணும்."

"மெக்கானிக்கிட்ட விட்டா ஒரு நாள் வேலைங்களே சார்" என்றேன்.

"அவீங்க கையில வேல பாப்பாங்க தம்பி. நான் காதுல பாப்பேன்."

திங்கட்கிழமை கிளட்சைப் பிரித்தார். அன்றைக்கே, சத்தம் போடுகிறது என்று ராமாமணியம்மா சொல்லிக்கொண்டிருந்த கிரைண்டரையும் பிரித்தார்; வீட்டில் சமாதானம் வேண்டுமே. போர்டிகோவில் ஒரே செய்தித்தாளில் இரண்டின் உறுப்புகளும் வரிசையாகப் படுத்திருந்தன. கிரைண்டரை மட்டும் அன்றே பூட்டி, பச்சைப் பொட்டு வைத்து, சமையலறைக்கு அனுப்பிவிட்டார். கிளட்சுக்கு வாங்கிய புது கார்க் பிளேட்டுகளை, ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு சட்டியில் ஆயில் ஊற்றி ஊறப்போட்டார்.

புதன்கிழமை ராமாமணியம்மா எட்டிப் பார்த்தார். "அரிசி ஊறி, உளுந்து ஊறி, மாவு பொங்கி, இட்லியும் தின்னு முடிச்சாச்சு. உங்களுது இன்னும் ஊறுதுங்களா? அப்புறம் ஏனுங்க, கிரைண்டரு முன்னைக்கு இப்பதான் ஜாஸ்தியாக் கத்துது."

கோவிந்தராஜுலு தலையைக்கூடத் தூக்கவில்லை. "பச்ச வெச்சாச்சுங்க அம்மணி. பாஸான பொருளு கத்தாது."

வெள்ளிக்கிழமை கிளட்சைப் பூட்டி முடித்தபோது செய்தித்தாளில் ஒரு வாஷர் மிச்சம் கிடந்தது.

கிக்கரை உதைத்துப் பார்த்திருக்கலாம். உதைக்கவில்லை. "மிச்சம் இருந்தா அது அசெம்பிளியே இல்லீங்க தம்பி." சனிக்கிழமை ஆயிலை வடித்து, கவரைக் கழற்றி, பிளேட் பிளேட்டாக எடுத்து, எண்ணிப் பூட்டினார். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. வாஷரும் செய்தித்தாளில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றாவது முறையாகக் கவர் கழன்றது. ஒன்பதே முக்காலுக்கே அஃபான் வந்துவிட்டார். நல்ல பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கோயிலில் சுற்றுவது போல ஒரு சுற்றுச் சுற்றினார். வயிறு திறந்து கிடந்த ஜாவாவின் முன்னால் கோவிந்தராஜுலு வாஷரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை.

வந்தவருக்கு வடை சுடலாம் என்று ராமாமணியம்மா உள்ளே கிரைண்டரைப் போட்டார்.

கடகடகடகட.

கோவிந்தராஜுலுவின் தலை மெல்லச் சாய்ந்தது. இட்லிப் பானைக்குச் சாய்ந்த அதே சாய்வு. வாஷரைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கவரை மூடி, ஆயில் ஊற்றி, ஒரே உதை.

கிளட்சைப் பிடித்தார். முதல் கியர். வண்டி நின்ற இடத்தில் நின்றது. கையை விட விட, கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு போவது போல கேட்டைத் தாண்டிப் போனது. முனை வரை போய்த் திரும்பி, வாசலில் நிறுத்தி, இன்னொரு முறை கியர் போட்டுக் காட்டினார். துள்ளவில்லை.

"எனக்கு இல்லீங்களா அப்போ?" என்றார் அஃபான்.

"வட சுடறனுங்க கண்ணு, உள்ள வாங்க" என்றார் ராமாமணியம்மா. பிறகு கணவரின் சட்டைப் பையை ஒரு பார்வை பார்த்தார். "பாஸான பொருளு கத்தாதுன்னு ஆரோ சொன்னாங்க."

கோவிந்தராஜுலு அலமாரியிலிருந்து பச்சை டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து குச்சியால் கலக்கினார். ஜாவாவுக்கு இன்றைக்குப் பொட்டு என்று நான் செல்போனைப் படம் எடுக்கத் தயாராக வைத்துக்கொண்டேன்.

டப்பாவை மூடி வண்டி சீட்டின் மேல் வைத்தார். பனியன் வேஸ்ட் துணியைக் கொஞ்சம் பிய்த்து, பெயின்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். கிரைண்டரின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் பச்சைப் பொட்டை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.